கதவுக் கண்ணாடி

அண்ணனுக்குக் காது கேட்கவில்லை என்று வீட்டில் தீர்மானித்துப் பத்து வருஷங்களுக்கு மேலாகிறது. தீர்மானம் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்புவார். ஆனால் சொன்னதற்குப் பதில் வராது, அல்லது சொல்லாததற்குப் பதில் வரும். 'பத்து மணிக்குக் கிளம்பணும்' என்றால் 'பட்டு எதுக்கு இப்ப' என்பார். குழந்தைகள் சிரிக்கும். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கல்யாண வீடுகளில் பந்தல் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வயசாக ஆகக் கர்வம் வந்துவிட்டது என்று உறவினர்களில் இரண்டொருவர் சொன்னதுண்டு. நான் மறுத்ததில்லை. அவர் பேசாமலிருப்பது எனக்கு ஒருவகையில் வசதியாகவும் இருந்தது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்ற ஐப்பசியில் என் மகன், புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் சென்னையிலிருந்து கடலூர் வந்திருந்தான். சிதம்பரத்தில் அவனுடைய சிநேகிதன் ஒருவன் காது மூக்கு தொண்டை டாக்டர். பெரியப்பாவை அங்கே அழைத்துப்போய் ஒருமுறை காட்டிவிடலாம் என்றான். அண்ணன் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் காது அல்ல, கார் என்று நினைக்கிறேன். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டினவருக்கு எஞ்சின் இல்லாத வண்டி எப்படி ஓடும் என்று பார்க்க ஆசை. நான் எழுத வந்தது சுமார் 45 கிலோமீட்டர் போய்த் திரும்பிய அந்தப் பிரயாணத்தைப் பற்றி.

திருப்பாதிரிப்புலியூர்த் தெருக்களில் வண்டி நகரும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டது. அது மோட்டார் அல்ல, ஒலிபெருக்கியிலிருந்து வருவது என்றான் மகன். மெதுவாகப் போகும் மின்சார வண்டி நடந்துபோகிறவர்கள் காதில் விழுவதில்லை. அதனால் ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புதிய ரகங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 20 கிலோமீட்டர் வேகம் வரை வண்டி தானே சப்தம் போட வேண்டும்; அந்தச் சப்தத்தில் ஒரு பகுதியாவது 1600 ஹெர்ட்ஸுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது விதி. வெளியே இருப்பவனுக்குச் சப்தத்தையும் உள்ளே இருப்பவனுக்கு நிசப்தத்தையும் தனித்தனியாகத் தயாரித்துக் கொடுக்கிற காலம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

முதுநகர் தாண்டி, சிப்காட் ஆலைகளைத் தாண்டி, நாலுவழிச் சாலையில் வண்டி 80ஐத் தொட்டது. அப்போதுதான் சப்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. சாலையின் சொரசொரப்பு டயர் வழியாக ஏறி வந்து காலுக்கடியில் உறுமியது. காற்று வண்டியின் மூக்கிலும் கதவோரத்துக் கண்ணாடியிலும் கிழிபட்டுச் சீறியது. புதிய சப்தங்கள் அல்ல இவை. எல்லாக் கார்களிலும் எப்போதும் இருந்தவை. எஞ்சின் சப்தம் ஒரு திரைபோல முன்னால் தொங்கிக்கொண்டிருந்ததால் பின்னால் இருந்தது தெரியவில்லை. பலமான ஒலி பலவீனமான ஒலியை மறைக்கும் என்பதை நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திரையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பையனும் கேட்டதில்லை.

அண்ணன் முன்சீட்டில் மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் பின்சீட்டில். என் பக்கத்தில் காற்றின் இரைச்சல் சற்று அதிகம்போலிருந்தது. பிரமையோ என்று பார்த்தேன். மகன் காரணம் சொன்னான். முன்கதவுகளின் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல, இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. பின்கதவுகளில் சாதாரணக் கண்ணாடிதான். சொல்லிக்கொண்டே, 'இன்னும் பத்து நிமிஷத்துல ஆலப்பாக்கம், பெரியப்பா' என்றான். உரக்கச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பியும் சொல்லவில்லை.

'எதுக்குப் பத்து? ரோடு இப்படி இருந்தா எட்டே போதும்' என்றார் அண்ணன்.

பட்டு அல்ல, பத்து. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆலப்பாக்கத்தில் டீ குடிக்க இறங்கினோம். ஏழே நிமிஷம்தான் ஆகியிருந்தது. நான் முன்கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கச் சொல்லி அதன் மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். நடுவில் முடிபோல ஒரு கோடு. நகத்தால் தட்டினால் முன்கண்ணாடி மொத்தென்றது. பின்கண்ணாடி கணீரென்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தக் கணீரில்தான் இருக்கிறது.

ஒலி ஒரு கண்ணாடியைக் கடப்பது இப்படி: வெளியிலுள்ள காற்று கண்ணாடியை ஆட்டுகிறது, கண்ணாடி உள்ளிருக்கும் காற்றை ஆட்டுகிறது. எடை கூடினால் ஆட்டம் குறையும். எடையை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் கண்ணாடிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் உடம்பில் வளைந்தோடும் அலையும் காற்றில் வந்து மோதும் அலையும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சேர்ந்து நடை போட ஆரம்பித்துவிடும். அங்கே கண்ணாடி தடுப்பதை விட்டுவிட்டு ஒலியோடு சேர்ந்து பாடுகிறது. கண்ணாடியின் தடிமன் எத்தனை மில்லிமீட்டரோ அதனால் 12,000ஐ வகுத்தால் அந்த அதிர்வெண் ஏறக்குறையக் கிடைக்கும். 4 மில்லிமீட்டர் கதவுக் கண்ணாடிக்கு அது 3000 ஹெர்ட்ஸ்.

3000 சாமானியமான இடமல்ல. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000க்கும் 5000க்கும் இடையில். பேச்சில் உயிரெழுத்துக்களின் பலம் பெரும்பாலும் கீழே, 1000ஐச் சுற்றியும் அதற்குக் கீழும் இருக்கிறது. மெய்யெழுத்துக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற சின்னச் சின்ன வெடிப்புகளும் உரசல்களும் அதற்கு மேலே, 2000, 4000 என்று இருக்கின்றன. பத்து, பட்டு, பச்சு என்று சொல்லிப் பாருங்கள். உயிர் மூன்றிலும் ஒன்றுதான். மெய்தான் வேறு. சப்தத்தில் வருஷக்கணக்காக உழைத்த காது முதலில் இழப்பதும் இந்த இடத்தைத்தான்; 4000 ஹெர்ட்ஸையொட்டி ஒரு பள்ளம் விழுகிறது. அப்படிப்பட்டவனுக்கு ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும். உயிர் வந்து சேரும், மெய் வராது. அண்ணன் திரும்பிப் பார்த்ததும், ஆனால் பதில் மாறி வந்ததும் இதனால்தான். அவர் காதில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மெய்யையும் அதே இடத்தில் கசியும் காற்றின் சீறல் மூடிவிடும். நாங்கள் அவரை எங்கெங்கோ அழைத்துப்போன கார்களெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கின்றன.

ஒட்டுக் கண்ணாடியின் நடுவில் இருப்பது பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம். வழக்கமாக 0.76 மில்லிமீட்டர். ஒலிக்காகவே செய்யும் வகையில் அந்தப் படலமும் மூன்று அடுக்கு, நடு அடுக்கு மற்ற இரண்டையும்விட மிருதுவானது. கண்ணாடித் தகடுகள் ஆடும்போது அந்த மிருதுவான பகுதி இழுபட்டு நசுங்கி, ஆட்டத்தின் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக உஷ்ணமாக மாற்றிவிடுகிறது. கடினமான தகடுகள் வாங்கியதை அப்படியே கொடுக்கின்றன. இது வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்கிறது. லாபம் சில டெசிபல்கள்தான், அதுவும் மேல் அதிர்வெண்களில். டயரின் உறுமலுக்கு இதனால் பிரயோஜனம் அதிகமில்லை. அது வண்டியின் எலும்புகள் வழியாக வருவது. ஆனால் அந்தச் சில டெசிபல்கள் மெய்யெழுத்துக்கள் குடியிருக்கும் இடத்தில் கிடைக்கின்றன.

இந்தக் கண்ணாடி சப்தத்துக்காகப் பிறந்ததல்ல. எத்துவார் பெனெதிக்தூஸ் என்ற பிரெஞ்சுக்காரர், ரசாயனமும் சித்திரமும் அறிந்தவர், 1903இல் அவருடைய அறையில் ஒரு குடுவை கீழே விழுந்ததாம். உடைந்தும் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909இல் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண்வட்டங்களுக்கு அது பயன்பட்டது. பின்னால் கார்களின் முன்கண்ணாடியாயிற்று. இதை மகன் சொல்லக் கேட்டுவிட்டு அண்ணன் ஒரு மறியல் நாளைப் பற்றிச் சொன்னார். கல் வந்து விழுந்ததும் முன்கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் பொரிந்து வெள்ளையாகிவிட்டது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. முஷ்டியால் குத்தி ஓட்டை போட்டு, அது வழியாகச் சாலையைப் பார்த்து ஓரங்கட்டினார். இதை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் சொல்லியிருக்கலாம். சொன்ன இடம் இரைச்சலாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு டிரைவர்தான் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார். 'வண்டி தண்ணியில போயிட்டா இத எப்படி ஒடைக்கறது?'

மகனிடம் உடனே பதில் இல்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரரின் கேள்வி அது. சாதாரணக் கதவுக் கண்ணாடியை அதற்கென்று விற்கும் சின்னச் சுத்தியலால் மூலையில் தட்டினால் பொடியாகிவிடும். ஒட்டுக் கண்ணாடி விரிசல் விடுமே தவிர வழி விடாது. 2019இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் அத்தகைய ஆறு கருவிகளைச் சோதித்துப் பார்த்தது. ஒன்றுகூட ஒட்டுக் கண்ணாடியை உடைத்துத் திறக்கவில்லை. விபத்தில் ஆள் வெளியே தூக்கியெறியப்படாமல் காப்பதும் அதே குணம்தான். 'பின்கண்ணாடி சாதாக் கண்ணாடிதான் பெரியப்பா, அதை ஒடச்சிக்கலாம்' என்றான் மகன். 'அப்ப சுத்திய பின்னால வை' என்றார் அண்ணன்.

சிதம்பரத்தில் சோதனை அறைக்குள் அவரை உட்கார்த்தினார்கள். காதில் கருவி, கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். இரட்டைக் கண்ணாடி போட்ட சன்னலுக்கு வெளியே நான் நின்றேன். அவர் அழுத்துகிறார், அழுத்துகிறார், பிறகு வெகுநேரம் அழுத்தாமல் இருக்கிறார். அந்த இடைவெளிகளில் ஏதோ ஓர் ஒலி அவருக்காக ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. முகம் பரீட்சைக்கு வந்த பையன் முகம்போல இருந்தது. பார்க்க முடியாமல் வெளியே வந்து கோயில் வீதியில் நடந்தேன்.

இந்த ஊரில்தான் நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தேன். கடிகாரத்தை ஜாடிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டால் சப்தம் நின்றுவிடும் என்று 1660இல் பாயில் காட்டியதை ஏற்றுக்கொண்டவன். ஆகாயமே லிங்கமாக இருக்கும் ஊர் இது. ஆகாயத்தின் குணம் சப்தம் என்று வைசேஷிகர்கள் சொன்னார்கள். வெற்றிடத்தில் ஒலி இல்லை என்பது எங்கள் கட்சி. மௌனி என்ற பெயரோடு ஒருவர் அதே வீதிகளில் அப்போது நடமாடிக்கொண்டிருந்தார் என்பதுகூட, 1985இல் அவர் இறந்ததற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த வயசில் எனக்குச் சப்தத்திலும் அக்கறையில்லை, மௌனத்திலும் அக்கறையில்லை. எப்படித் தெரிகிறேன் என்பதில்தான் அக்கறை.

1978இல் ஒரு சனிக்கிழமை. ஹாஸ்டல் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டுச் சிதம்பரம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏறின பஸ் அண்ணனுடையது. அப்போதைய பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்கு இடது பக்கம், தகர மூடிக்கு அடியில் இருக்கும். இடமில்லாமல் அந்த மூடியை ஒட்டி நின்றோம். அண்ணன் காக்கிச் சட்டையில் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, மறுகையால் ஒரு மல்லாட்டைப் பொட்டலத்தை மூடியின்மேல் தள்ளினார். என் ஹாஸ்டல் பணம் மாதாமாதம் அவர் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. சிநேகிதன் கேட்டான், 'யார்றா, தெரிஞ்சவரா?' நான் சொன்னேன்: 'எங்க ஊரு டிரைவர்.'

அவ்வளவுதான். பஸ் புவனகிரி சுற்றிச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. எஞ்சின் போட்ட சப்தத்தில் அவருக்குக் கேட்டிருக்க முடியாது என்று அன்றிரவே முடிவு செய்துகொண்டேன். முப்பது வருஷம் அந்த எஞ்சின் எனக்காக ஓடியது. வாத்தியாராகி, ஓய்வுக்குச் சமீபத்தில், ஒலி பற்றிய ஒரு புத்தகத்தில் லொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911இல் எழுதியதைப் பற்றிப் படித்தேன். சுற்றிலும் சப்தம் இருந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்திவிடுகிறான். உயர்த்தியது அவனுக்குத் தெரிவதில்லை. புத்தகத்தை மூடி வைத்தேன். நான் அன்று முணுமுணுக்கவில்லை. கத்தியிருக்கிறேன். அவர் இடது காதுக்கு இரண்டடியில் நின்று. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, காது முழுசாக இருந்தது. அதன் பிறகு அவருடைய காது மந்தமானது எனக்கு வசதியாக இருந்தது என்று தொடக்கத்தில் சொன்னேன்.

டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். 1000 வரை கோடு மேலேயே போகிறது. பிறகு சரிந்து 4000இல் பள்ளம். வயசின் சரிவும் அதோடு சேர்ந்துவிட்டது. இடது காதில் பள்ளம் இன்னும் ஆழம். எஞ்சின் இருந்த பக்கம். 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் கேட்டால் காது போகும் என்கிறார்கள். அந்த மூடிக்கு அடியில் எத்தனை டெசிபல் என்று அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை. காதுக்கு மெஷின் வைக்கலாம், பழக நாளாகும் என்றார் டாக்டர். 2025 ஜூன் கடைசியில் சென்னையில் 120 மின்சாரப் பஸ்களை விட்டிருப்பதை மகன் சொன்னான். டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் கிடையாது. 'அந்தப் பசங்களுக்குக் காது தங்கும்' என்றார் அண்ணன். அதில் பொறாமை இருந்ததாகத் தோன்றவில்லை. ஒட்டுக் கண்ணாடி பெரும்பாலும் விலை கூடிய கார்களுக்குத்தான் வருகிறது. சப்தத்திலேயே பிழைத்தவனுக்கு நிசப்தம் ஓய்வு பெற்ற பிறகு, பிறத்தியார் வண்டியில், ஒரு நாள் கிடைத்தது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஊரைத் தாண்டிப் புறவழிச் சாலையில் ஏறியதும் நான் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் தலையை நீட்டினேன். சப்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சாக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

'அண்ணே, எழுபத்தெட்டுல ஒருநாள், தேவனாம்பட்டினம் போயிட்டு வரும்போது...'

அவர் திரும்பவில்லை. மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, எதிரே விளக்கு வெளிச்சத்தில் வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அந்த வண்டியா,' என்றார். 'அதுல எஞ்சின் மூடிக்கு ஒரு கொக்கி கெடயாது. கோணிய மடிச்சி அடச்சி வச்சிருப்பன். பக்கத்துல இடி வுழுந்தாலும் கேக்காது.'

எந்த வண்டி என்று நான் சொல்லியிருக்கவில்லை. கேட்டதைப் பற்றியும் கேட்காததைப் பற்றியும் நான் இன்னும் பேச்சே எடுத்திருக்கவில்லை. மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அண்ணன் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்துத் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். காற்றும் டயரும் எதிரே போன லாரியும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன.

'வெள்ளாறு வந்துருச்சி,' என்றார் உரக்க. 'காத்து வரட்டும்.'